நாரத்தை போன வழியில்

பிப்ரவரி 24, சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா

ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலிசியாவின் மழைக்கு அவசரமே கிடையாது. சாரலாகவும் நிற்பதில்லை, கொட்டித் தீர்ப்பதும் இல்லை. காலையில் பிடித்த அதே வேகத்தில் இரவுவரை நனைத்துக்கொண்டிருக்கிறது. குடையைக் காற்று திருப்பிவிடும் என்பதால் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் குடையே எடுப்பதில்லை. பழைய நகரத்தின் தெருக்களில் வீட்டு மாடிகளைக் கல்தூண்கள்மேல் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தாழ்வாரங்களுக்கு அடியிலேயே நடந்தால் பெரிய கோயில்வரை அதிகம் நனையாமல் போய்ச் சேரலாம்.

அபாஸ்தோஸ் சந்தை காலையில்தான் களைகட்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் ஈரத் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மீன், சிப்பி, டர்னிப் கீரை, முலை வடிவப் பாலாடைக்கட்டி எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. ஆரஞ்சு மட்டும் வெளியூர். ஒரு கடையில் அட்டைப்பெட்டி மேல் ஸ்பானிஷில் ‘நரான்ஹா’ என்று அச்சடித்திருந்தது, வலென்சியாவிலிருந்து வந்த பெட்டி. அதற்குமேல் செருகியிருந்த சிறு கரும்பலகையில் கடைக்கார அம்மாள் சுண்ணாம்புக்கட்டியால் கலிசிய மொழியில் எழுதியிருந்தது ‘லரான்ஷா’. கிலோ 1.80 யூரோ. எடை போட்டு முடித்ததும் ஒரு பழத்தை அதிகமாகப் பைக்குள் போட்டார், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல்.

பெட்டிக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. முன்னால் ‘ந’ இருந்த இடத்தில் ‘ல’. பின்னால் ‘ஹ’ இருந்த இடத்தில் ‘ஷ’. ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பம் முழுக்க இந்தப் பழத்தின் பெயர் இப்படித்தான் ஓரங்களில் மாறிக்கொண்டே போகிறது. எந்த ஓரம் எங்கே மாறுகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பயணம்.

மதியம் கல்தோ. வெள்ளை மொச்சை, உருளைக்கிழங்கு, டர்னிப் கீரை, பன்றிக்கொழுப்பு சேர்த்த சூடான கஞ்சி மாதிரி ஒன்று. ஒரு கிண்ணம் 5 யூரோ. சைவம் என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். கொழுப்பை எடுக்க முடியாது, அது கஞ்சியிலேயே கரைந்திருக்கும்.

பிப்ரவரி 25, வீகோ

பயணச்சீட்டு விவகாரம் எழுதுவதில்லை என்றிருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். வீகோ நகரில் இரண்டு ரயில் நிலையங்கள். சாந்தியாகோவிலிருந்து வரும் விரைவு வண்டிகள் மேட்டில் உள்ள ஊர்ஸாய்ஸில் நிற்கும். போர்த்தோ போகும் வண்டி கீழே துறைமுகத்தை ஒட்டிய கிஷாரிலிருந்து கிளம்பும். இடையில் கால் மணி நேர நடை, முழுக்க இறக்கம், மழை நாளில் கல் வழுக்கும். போர்த்தோ வண்டியும் காலை ஒன்று, மாலை ஒன்று என்ற கணக்கு. காலை வண்டி போய்விட்டால் மாலைவரை காத்திருக்க வேண்டும், அல்லது பேருந்து. இன்று பேருந்துதான். எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. தவறவிட்ட நேரத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

பிப்ரவரி 27, லிஸ்பன்

வெயில், பலத்த காற்று, 16 டிகிரி. சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்த உடனே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய் எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும். இது உபசாரம் அல்ல. தொட்டால் கணக்கில் ஏறும், ஆளுக்கு 2 முதல் 4 யூரோ. வேண்டாம் என்றால் தொடாமல் ஓரமாகத் தள்ளி வைத்தால் போதும், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், முகம் சுளிப்பதில்லை. பக்கத்து மேசை ஜெர்மானியக் குடும்பம் ஆலிவை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு ரசீதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாதாடியது. பரிமாறியவர் பொறுமையாக உணவுப்பட்டியலின் முதல் வரியைக் காட்டினார், அங்கே விலை போட்டிருந்தது.

பழச்சாறு கேட்கும்போது ‘நத்துரால்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். வெறுமனே சாறு என்றால் புட்டி வரும். சேர்த்துச் சொன்னால் கண்ணெதிரே பிழிந்து தருவார்கள், 3 யூரோ. இங்கே பழத்தின் பெயர் ‘லராஞ்ஜா’. கடைசி எழுத்து பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல நாக்கு அண்ணத்தில் ஒட்டாத மெல்லிய ஜ. நடுவிலுள்ள ஆ மூக்கால் வரும்.

முன்னெழுத்து ஏன் ‘ல’ ஆனது? சொல்லில் இரண்டு மூக்கொலிகள் அடுத்தடுத்து வந்தால் வாய் ஒன்றைக் கைவிடப் பார்க்கும். பழத்தின் பழைய அரபிப் பெயரான ‘நாரஞ்ச்’ என்பதில் முதலில் ஒன்று, பின்னால் ஒன்று. மேற்குக் கரை மொழிகள் முதலாவதை ‘ல’ ஆக்கிவிட்டன. லத்தீனில் ஆவியைக் குறித்த ‘அனிமா’ ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசியத்திலும் ‘அல்மா’ ஆனது இதே வழக்கத்தால்தான். ஆக ஸ்பானிஷ்காரர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஆரஞ்சில் மட்டும் அவர்கள் பழைய ‘ந’வை விடவில்லை.

லிஸ்பனுக்கு வந்தால் வேறொரு பெயரையும் சொல்ல வேண்டும், ஆனால் அந்தப் பெயர் லிஸ்பனில் எவருக்கும் பழக்கமில்லை. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஜெனோவா, போர்ச்சுகல் வணிகர்கள் கைவழியாகப் பரவியது. 1498ல் வாஸ்கோ ட காமாவின் கப்பலில் போனவர்கள் மொம்பாசாவில் கிடைத்த ஆரஞ்சுகள் தங்கள் ஊர்ப் பழத்தைவிடச் சிறந்தவை என்று குறித்து வைத்தார்கள். பிறகு இவர்கள் கொண்டுபோய் விற்ற இனிப்புப் பழத்துக்குக் கிழக்கே விற்றவர்களின் நாட்டுப் பெயரே ஒட்டிக்கொண்டது. கிரேக்கத்தில் போர்தொகாலி, துருக்கியில் போர்தகால், அரபியில் புர்துகால், பாரசீகத்தில் போர்தெகால். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு துருக்கி, கிரேக்கப் பக்கம் குடியேறிய யூதர்களின் லதீனோ மொழியிலும் போர்துகால் புகுந்துவிட்டது. போர்ச்சுகலில் மட்டும் பழத்துக்குப் போர்ச்சுகல் என்று பெயர் இல்லை.

மாலையில் ஒரு பலசரக்குக் கடையில் ‘மர்மெலாதா’ வாங்கினால் ஆரஞ்சு ஜாம் கிடைக்காது. சீமை மாதுளை எனப்படும் மர்மேலோ பழத்தைச் சர்க்கரையோடு கிண்டி அல்வா போல வில்லையாக வெட்டியது கிடைக்கும். 400 கிராம் 3.50. உலகம் முழுக்க ஆரஞ்சு ஜாமுக்குப் போன மார்மலேட் என்ற பெயர் இந்த வில்லையிடமிருந்து எடுத்தது.

மார்ச் 1, சில்வேஷ், அல்கார்வே

ஞாயிற்றுக்கிழமை சில்வேஷுக்கு ரயிலில் வருவது அவ்வளவு புத்திசாலித்தனம் அல்ல. நிலையம் ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, வாடகைக் கார் எதுவும் நிற்பதில்லை. ஆனால் நடந்தால் பழத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். 20 டிகிரி, மேகமே இல்லை. தூரத்தில் மேட்டின்மேல் செம்மணற்கல் கோட்டை. அரபு ஆட்சிக் காலத்தில் இந்த ஊர் ஷில்ப். அல்கார்வே என்ற மாவட்டப் பெயரே ‘மேற்கு’ என்று பொருள்படும் அல்-கர்ப்.

சாலையோரக் கடையில் 5 கிலோ வலைப்பை 5 யூரோ. பெரியவர் ஒருவர் ஒரு பழத்தைக் குறுக்கே அறுத்துப் பாதியைக் கையில் கொடுத்துவிட்டு, வாங்குகிறாயா என்று கேட்காமல் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு குவியல் வைத்திருந்தார், உரித்துத் தின்பதற்கு ஒன்று, பிழிவதற்கு ஒன்று. இந்தப் பிரிவு விற்பனைத் தந்திரம் அல்ல. அடியில் தொப்புள் வைத்த நேவல் வகைக்கு விதை இல்லை, சுளை எளிதாகப் பிரியும், தின்ன அருமை. ஆனால் பிழிந்து வைத்தால் சில மணி நேரத்தில் கசந்துவிடும். சதையில் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள், சாற்றின் புளிப்பு பட்டதும் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மெல்ல மாறுகிறது. அதனால் நேவலைப் பிழிந்தால் அப்போதே குடித்துவிட வேண்டும், குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் குடிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். வசந்தத்தின் கடைசியில் வரும் வலென்சியா லேட் வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, சாறு பிழியும் கடைகள் அதைத்தான் விரும்புகின்றன. இரண்டில் எதை எடுத்தாலும் அளவைப் பார்க்காமல் கனத்தைப் பார்க்க வேண்டும். ஒரே அளவுள்ள பழங்களில் கனமானது சாறு நிறைந்தது, லேசானது தோல் தடித்தது.

நேவலைப் போர்ச்சுகீசியர் ‘லராஞ்ஜா பாயா’ என்கிறார்கள், பிரேசிலின் பாயியா மாகாணத்துப் பெயர். ஐபீரியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன பழம் அங்கே தொப்புள் வளர்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

ஊருக்குள் திறந்திருந்த ஒரே காப்பிக்கடையில் தோர்த்தா தே லராஞ்ஜா, ஒரு துண்டு 2.20. கேக் என்று சொன்னால் தப்பு, கிட்டத்தட்ட முட்டைக் களி. 8 முட்டை, 400 கிராம் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி மாவு, 2 பழத்தின் சாறு, துருவிய தோல். நுரைக்க அடிக்கத் தேவையில்லை, கலந்தால் போதும். தாள் விரித்து வெண்ணெய் தடவிய தட்டையான தட்டில் ஊற்றி 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். நடுவில் தொட்டால் ஈரம் ஒட்டாமல், ஆனால் மெத்தென்று அசைய வேண்டும். அந்தப் பதத்தில் எடுத்து, சர்க்கரை தூவிய ஈரத்துணியில் கவிழ்த்துச் சூட்டோடு சுருட்ட வேண்டும். ஐந்து நிமிடம் அதிகம் வெந்தால் சுருட்டும்போது விரிசல் விடும். ஆறவிட்டுச் சுருட்டினாலும் அதே கதி. வெள்ளைச் சதையோடு தோலைத் துருவினால் கசக்கும், மேல் மஞ்சள் மட்டும் போதும்.

மார்ச் 3, செவில்லா

ஃபாரோவிலிருந்து பேருந்து. போர்ச்சுகலில் கிடைத்த ஒரு மணி நேரத்தை எல்லையில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

செவில்லாவில் தெருவெல்லாம் ஆரஞ்சு மரங்கள், நாற்பதாயிரத்துக்கு மேல். எல்லாம் கசப்பு வகை. பறித்து வாயில் வைக்கும் வெளியூர்க்காரரைப் பார்த்து நடைபாதைக் கடையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் சிரிப்பதற்காகவே காத்திருக்கிறார்கள். இன்று இரண்டு பேர் மாட்டினார்கள். பழத்தைக் கடிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது, இலைக்காம்பைப் பார்த்தால் போதும். கசப்பு ஆரஞ்சில் காம்பு இருபுறமும் சிறகு விரித்து, பெரிய இலைக்கு அடியில் குட்டி இலை ஒன்று ஒட்டியதுபோல இருக்கும். இனிப்பு வகையில் அந்தச் சிறகு மிகக் குறுகலாக இருக்கும்.

நகராட்சி ஆட்கள் குளிர்காலத்தில் பழத்தை உலுக்கி அள்ளுகிறார்கள். விட்டுவைத்தால் விழுந்து நசுங்கி நடைபாதை வழுக்கும். ஒரு பகுதி பிரிட்டனுக்கு மார்மலேட் செய்யப் போகும். 2021ல் நகரத்தின் குடிநீர்க் கழகமான எமசேசா 35 டன் பழத்தை நொதிக்கவைத்து, வரும் மீத்தேனில் மின்சாரம் எடுத்துத் தன் கழிவுநீர் நிலையத்துக்குப் பயன்படுத்தும் சோதனையைத் தொடங்கியது. மரங்களில் இப்போது பழமும் இருக்கிறது, முதல் பூவும் வந்துவிட்டது. மாலை ஏழு மணிக்கு மேல் காற்று நின்றால் மணம் தெருவை நிரப்புகிறது. பூவுக்கு இங்கே ‘அஸஹார்’ என்று பெயர். அரபியில் பொதுவாகப் பூ என்று பொருள்படும் சொல். எத்தனையோ பூக்கள் இருக்கும் ஊரில் இது ஒன்றுக்கே அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஊரில்தான் சொல்லின் வேர் தெரிகிறது. அரபியர் கொண்டுவந்தது கசப்புப் பழம், அதன் பெயர் ‘நாரஞ்ச்’. 12ஆம் நூற்றாண்டில் செவில்லாவில் வாழ்ந்த இப்னு அல்-அவ்வாம் எழுதிய பெரிய வேளாண் நூலில் எலுமிச்சை இன மரங்களை எப்படி வளர்ப்பது என்ற பகுதி இருக்கிறது. அரபியர் அந்தச் சொல்லைப் பாரசீக ‘நாரங்க்’ வழியாகப் பெற்றார்கள், பாரசீகம் சமஸ்கிருத ‘நாரங்க’ வழியாக. அதற்கும் பின்னால் திராவிடச் சொல் ஒன்று நிற்பதாகத்தான் சொற்பிறப்பு அகராதிகள் பெரும்பாலும் காட்டுகின்றன. மலையாளத்தில் எலுமிச்சைக்கு நாரங்ஙா, நமக்கு நாரத்தை, நார்த்தங்காய். செவில்லாவின் மரமும் நம் நாரத்தையும் ஒரே மரம் அல்ல, நெருங்கிய சொந்தம். ஆனாலும் நம் ஊரில் நாரத்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடிக்கத் தெரிந்த ஒருவர் இந்த இலையைக் கசக்கி முகர்ந்தால் உடனே உரலைத் தேடுவார்.

நம் பேச்சிலுள்ள ‘ஆரஞ்சு’ இதே சொல் சுற்றிவந்த வடிவம். இத்தாலியில் ‘ந’ முந்திய சொல்லோடு ஒட்டிக் கரைந்து ‘அரான்ச்சா’ ஆனது. பிரான்சில் பொன்னைக் குறிக்கும் ‘ஓர்’ என்ற சொல்லின் சாயலேறி ‘ஓரான்ஜ்’. அங்கிருந்து இங்கிலாந்து, அங்கிருந்து ஆங்கிலேயரோடு நம்மிடம். தலையிலிருந்த ‘ந’ வழியில் விழுந்துவிட்டது. ஸ்பானிஷில் அது அப்படியே இருக்கிறது.

கடைசி எழுத்தின் கதையும் இங்கேதான். நடுக்காலத்தில் காஸ்டீலியர்களும், அதாவது ஸ்பானிஷ் பேசியவர்களும், போர்ச்சுகீசியரைப் போல மெல்லிய ஜ-வில்தான் இதைச் சொன்னார்கள். பிறகு அது ‘ஷ’ ஆனது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அந்த ‘ஷ’ நாக்கின் முன்பக்கத்திலிருந்து பின்னுக்குப் போய்த் தொண்டை ‘ஹ’ ஆனது. போர்ச்சுகீசியம் முதல் படியில் நின்றுவிட்டது. கலிசியனும் அதன் பக்கத்து மொழியான அஸ்தூரியனும் இரண்டாம் படியில் நின்றன. ஸ்பானிஷ் மூன்றாம் படிக்குப் போனது. சாந்தியாகோ சந்தையில் பெட்டிக்கும் பலகைக்கும் இருந்த தூரம் இந்த ஒரு படிதான்.

சாந்தா பவுலா மடத்தில் கன்னியர் செய்யும் மெர்மெலாதா ஒரு புட்டி 5 யூரோவுக்குள். கசப்பு ஆரஞ்சில் செய்தது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. விமானத்தில் கையில் கொண்டுபோகும் பையில் வைக்க வேண்டாம், ஜாம் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் என்றால் பறித்துவிடுவார்கள். வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு அளவு: 1 கிலோ பழம், 2 கிலோ சர்க்கரை, 2 லிட்டரைக் கொஞ்சம் தாண்டிய தண்ணீர். சாற்றைப் பிழிந்து, விதையையும் உள்ளிருக்கும் வெள்ளைச் சவ்வையும் மெல்லிய துணியில் கட்டி, நறுக்கிய தோலோடு இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். ஜாம் இறுகுவதற்கான பெக்டின் அந்த மூட்டையில்தான் இருக்கிறது, விதையைத் தூக்கிப் போட்டவர்களுக்குப் பாகு மட்டுமே மிஞ்சும். மறுநாள் தோல் விரலால் நசுக்கினால் நசுங்கும்வரை, சுமார் இரண்டு மணி நேரம், வேகவைத்து மூட்டையைப் பிழிந்து எடுத்த பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் தோல் அதற்குமேல் வேகாது, வார் போல இழுபடும். 104, 105 டிகிரி வந்ததும் இறக்க வேண்டும்.

மார்ச் 4, கோர்தோபா

பழைய மசூதியின் ஆரஞ்சு முற்றத்துக்குள் போகக் கட்டணமில்லை, உள்ளே போகத்தான் சீட்டு. வரிசை வரிசையாக மரம், ஒவ்வொன்றின் காலடியிலும் கல்லில் வெட்டிய குழி, குழிகளை இணைக்கும் சிறு வாய்க்கால். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், காது அடைத்தது. சல்மொரேஹோ 6 யூரோ, தக்காளியும் பழைய ரொட்டியும் பூண்டும் அரைத்த குளிர்ந்த கூழ். குளிர் நாளில் குளிர்ந்த கூழ் எதற்கு என்று தோன்றியது, ஆனாலும் கிண்ணம் காலியானது.

மார்ச் 5, வியாழன், வலென்சியா

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் நீர் நீதிமன்றம் கூடுகிறது. கறுப்பு மேலங்கி போட்ட எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட விவசாயிகள். ஒருவர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூப்பிட்டு, புகார் உண்டா என்று வலென்சிய மொழியில் கேட்பார். பேச்சு மட்டும்தான், எழுத்து கிடையாது. இன்று ஒரு புகாரும் இல்லை, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். பின்னாலிருந்த கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, பதினொன்றரைக்கே வந்து கயிற்றை ஒட்டி நிற்பது நல்லது. 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இது. வாய்க்காலை இங்கே ‘சேகியா’ என்கிறார்கள், ஸ்பானிஷில் ‘அஸேகியா’. அதுவும் அரபிச் சொல்தான், பழமும் பாசனமும் ஒரே கையால் வந்தவை.

அங்கிருந்து நகராட்சி சதுக்கத்துக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு மஸ்க்லெதா. ஃபாயாஸ் திருவிழாவுக்காக மார்ச் 1 முதல் 19 வரை தினமும் வெடி. வண்ணம் பார்க்க அல்ல, ஓசைக்காகவே. காதைப் பொத்தாமல் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும்படி பக்கத்திலிருந்த அம்மாள் சைகை காட்டினார். பூசணி சேர்த்த மாவில் பொரித்த புன்யோல் ஆறு, கெட்டியான சாக்லேட் ஒரு கோப்பை, 7 யூரோ. எண்ணெய் கையிலிருந்து சீக்கிரம் போகாது.

1917ல் திறந்த வடக்கு ரயில் நிலையத்தின் முகப்பு முழுக்கச் சுடுமண் ஆரஞ்சுகள், பூக்கள். அதைக் கட்டிய காலத்தில் இந்த ஊரின் பணம் எங்கிருந்து வந்தது என்று வேறு விளக்கம் தேவையில்லை.

பழத்தின் பெயர் இங்கே ‘தரோஞ்ஜா’. மரம் ‘தரொஞ்ஜேர்’, ட்ராம் நிறுத்தம் ஒன்றின் பெயரே ‘தரொஞ்ஜேர்ஸ்’. முன்னால் ‘ந’வும் இல்லை, ‘ல’வும் இல்லை. இது நாரஞ்சின் திரிபு அல்ல, வேறு சொல். அரபியில் ‘துருஞ்ச்’ என்பது தடித்த தோலும் கொஞ்சம் சுளையும் உள்ள சிட்ரான், நம் கடாரங்காய்க்கு உறவு. அந்தப் பெயரைக் காத்தலான் மொழி (வலென்சிய மொழியும் அதன் ஒரு வடிவம்) பேசுவோர் ஆரஞ்சுக்கு வைத்துவிட்டார்கள்.

மார்ச் 6, கார்காய்ஷென்த்

வலென்சியாவிலிருந்து புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரம். 1781ல் விசென்த் மொன்சோ என்ற பாதிரியார் இங்கேதான் இனிப்பு ஆரஞ்சை வியாபாரத்துக்காகத் தோட்டமாக நட்டார் என்று சொல்கிறார்கள். அதுவரை ஆரஞ்சு முற்றத்து மரம், அழகுக்கும் மணத்துக்கும்.

தோட்டக்காரர் ஒருவர் வேலி ஓரத்தில் நின்று ஒட்டுக்கட்டுவதைக் காட்டினார். விதையிலிருந்து வந்த கன்று பென்சில் கனம் வந்ததும், தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் பட்டையை மட்டும் ஆங்கில T வடிவில் கீறி, இனிப்பு மரத்திலிருந்து சீவிய ஒரு மொட்டை உள்ளே செருகி, நாடாவால் மொட்டுக் கண் தவிர மற்றதை இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டை கட்டையிலிருந்து வழுவி வரும் பருவத்தில், அதாவது சாறு ஓடும்போது செய்யாவிட்டால் மொட்டு கருகும். மூன்று வாரத்தில் பச்சையாக இருந்தால் பிடித்தது என்று பொருள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ள வேண்டும். விட்டால் அடிமரம் மேல்மரத்தை அமுக்கிவிடும், சில வருடத்தில் கசப்புப் பழம் காய்க்கும்.

ஒரு காலத்தில் அந்த அடிமரம் எங்கும் கசப்பு ஆரஞ்சுதான். வேர் அழுகலைத் தாங்கும், கனமான மண்ணைத் தாங்கும். 1956 பிப்ரவரிப் பனி தோட்டங்களைக் கருக்கியது. அடுத்த ஆண்டே ‘த்ரிஸ்தேஸா’ என்ற வைரஸ் நோய் ஸ்பெயினில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோய் கசப்பு அடிமரத்தில் ஒட்டிய இனிப்பு மரங்களைக் குறிவைத்து வாட்டும், ஒட்டிடத்துக்குக் கீழே உணவு இறங்காமல் வேர் பட்டினியில் சாகும். இப்போதைய தோட்டங்கள் வேறு கலப்பின அடிமரங்களில் நிற்கின்றன.

சொல்லுக்கும் இதே ஒட்டு வேலைதான் நடந்தது. ‘நரான்ஹா’வும் ‘லராஞ்ஜா’வும் கசப்பு மரத்தின் பெயர்கள், பின்னால் வந்த இனிப்புப் பழத்தை அவற்றின்மேல் கட்டினார்கள். கொஞ்ச காலம் ‘சீன ஆரஞ்சு’ என்று பிரித்துச் சொல்லிப் பார்த்தார்கள். இனிப்பு பெருகியதும் அடைமொழி இடம் மாறிவிட்டது, இன்று கசப்புக்குத்தான் ‘கசப்பு’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீனம் ஒரு மரபுத்தொடரில் மட்டும் மிச்சம். நடக்காத காரியத்தைக் கேட்டால் ஸ்பானியர் ‘சீனத்து ஆரஞ்சு!’ என்பார்கள், நாம் ‘ஆமாமா, வரும் வரும்’ என்போமே அந்தத் தொனியில்.

மார்ச் 8, பார்சிலோனா

மேகமூட்டம், 13 டிகிரி. பெரிய தெரு எதிலும் உட்காராமல் இரண்டு சந்து உள்ளே போனால் சாறு 4.50லிருந்து 3 யூரோவாக இறங்குகிறது.

காலை உணவுக்கடையில் அடுத்த மேசையில் ஒரு மெக்சிகோத் தம்பதி. அந்தப் பெண் ‘தொரோன்ஹா’ சாறு கேட்டார். பரிமாறும் பையன் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து வைத்தான். இது இல்லை, தொரோன்ஹா என்றார். ஆமாம், தரோஞ்ஜா என்றான் அவன். இருவரும் மரியாதை குறையாமல் மூன்று முறை இதையே சொல்லிக்கொண்டார்கள். பின்னாலிருந்து கடைக்காரம்மா எட்டிப்பார்த்து ஒரு பம்பளிமாஸ் நிறப் பழத்தைத் தூக்கிக் காட்டியதும் வழக்கு முடிந்தது.

மெக்சிகோவில் ‘தொரோன்ஹா’ என்றால் கிரேப்ஃபுரூட். ஸ்பெயினில் அதையே ‘பொமேலோ’ என்பார்கள். அரபிச் ‘துருஞ்ச்’ ஸ்பானிஷ்காரரிடம் போய் கிரேப்ஃபுரூட் ஆனது, காத்தலானில் ஆரஞ்சு ஆனது. அத்தோடு நிற்கவில்லை. காத்தலானில் கிரேப்ஃபுரூட்டுக்குப் பெயர் ‘அராஞ்ஜா’, அது ‘நாரஞ்ச்’ தலையிழந்து நிற்கும் வடிவம். ஆக இரண்டு சொல், இரண்டு பழம், இரண்டு மொழியிலும் நேர்மாறாக மாட்டியிருக்கின்றன. உணவுப்பட்டியலில் ‘சுக் தராஞ்ஜா’ போல ஏதோ எழுதியிருந்தால், d’aranja என்று த-வுக்குப் பின்னால் மேற்கோள்குறி ஒன்று தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கினால் அது அராஞ்ஜா, கசக்கும்.

ஒரு விஷயத்தில் இரு பக்கமும் ஒத்துப்போகின்றன. வாழ்க்கைத்துணையை ஸ்பானிஷில் ‘பாதி நரான்ஹா’ என்பார்கள், காத்தலானில் ‘பாதி தரோஞ்ஜா’. கோயில் குவிமாடத்துக்கும் ஸ்பானியக் கொத்தர்கள் அதே ‘பாதி ஆரஞ்சு’ பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 10, தொனோஸ்தியா

மறுபடி மழை, மறுபடி அட்லாண்டிக். சான் செபஸ்தியான் என்று வரைபடத்தில் தேடினாலும் இதே ஊர்தான். பாஸ்க் மொழிக்கும் மற்றவற்றுக்கும் எந்த உறவும் இல்லை, தெருப்பலகையில் ஒரு சொல்லையும் ஊகிக்க முடியாது. பழக்கடையில் மட்டும் ஊகிக்கலாம், ‘லரான்ஹா’. எழுத்தில் போர்ச்சுகீசிய வடிவம்போலவே இருக்கும், கடைசி எழுத்தை மட்டும் இந்த கிபுஸ்கோவா மாவட்டத்தில் ஸ்பானியரைப் போல ‘ஹ’ என்பார்கள், வேறு மாவட்டங்களில் ‘ய’ அல்லது ‘ஜ’.

இது சைடர் என்ற ஆப்பிள் மதுவின் பருவம். மலையடிவாரச் சைடர் கூடத்தில் நிலையான சாப்பாடு: உப்புமீன் ஆம்லெட், மாட்டிறைச்சித் துண்டம், பாலாடைக்கட்டியோடு வால்நட். ஆளுக்கு 42 யூரோ. யாராவது ‘ச்சோச்!’ என்று கத்தினால் எல்லோரும் கோப்பையோடு எழுந்து போக வேண்டும். ஆளுயரப் பீப்பாயின் சின்னத் துளையிலிருந்து பாயும் சைடரைக் கோப்பையின் உள்சுவரில் படும்படி தாழ்த்திப் பிடித்து இரண்டு விரல் அளவு வாங்கி, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர வேண்டும். நிரப்பிக்கொண்டு நின்றால் வரிசை முறைக்கும். சைவர்களுக்கு ஆம்லெட்டில் மிளகாய் போட்டுத் தருகிறார்கள், விலையைக் குறைப்பதில்லை.

ஆப்பிளுக்கு இங்கே சொந்தச் சொல் உண்டு, ‘சாகர்’. உருளைக்கிழங்கு வந்தபோது அதை வைத்தே ‘நில ஆப்பிள்’ என்று பெயர் செய்தார்கள். பாலாடைக்கட்டியோடு வரும் சீமை மாதுளை வில்லைக்கும் அதே வேரில் ‘இராசாகர்’. ஆரஞ்சு மட்டும் தன் பெயரைத் தானே கொண்டுவந்து இறங்கியிருக்கிறது, இவர்களும் மாற்றவில்லை.

இரவு கூட்டுறவு அங்காடி ஒன்றில் ஒரு லிட்டர் சாறு, 1.65 யூரோ. பெட்டியில் ஸ்பானிஷ், பாஸ்க், காத்தலான், கலிசியன் நான்கிலும் பெயர் போட்டிருந்தது. சிறிய எழுத்தில், அதுவும் நான்கு மொழியிலும், செறிவுச் சாற்றில் தண்ணீர் கலந்தது என்று. சுவை அந்தச் சிறிய எழுத்தோடு முழுக்க ஒத்துப்போனது. சில்வேஷ் பெரியவரிடம் வாங்கிய வலைப்பையில் இரண்டு மிச்சம் இருந்தன, உரித்துத் தின்றாகிவிட்டது.